லட்சுமி கார்டனுக்குத் தண்ணி இல்லை

சித்த நகந்து உக்காருங்க அம்மிணி. மூணு பேர் சீட்டுல ரெண்டு பேர் உக்காந்துட்டு, பைக்கு ஒரு எடம் போட்டா மத்தவங்க எங்க போறதுங்க? மடியில வெச்சுக்குங்க. ஆங், அப்படி. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே? எடம் இருக்கறப்ப அடுத்தவங்களுக்கு விட்டுக் குடுக்கோணும். அதைக்கூட சொல்லித்தான் குடுக்க வேண்டியிருக்கு இந்தக் காலத்துல.

நான் ஓடக்காட்டுப்பதி எறங்கறேன். ஆமாங்க, புதுசா அடுக்கு வீடுக கட்டியிருக்காங்களே, அங்கதான். அப்படிப் பாக்காதீங்க, நான் அங்க குடியிருக்கல. என்னைப் பாத்தா அப்படியா தெரியுது? நான் லட்சுமி கார்டன். சொந்த வீடு, கீழ்த்தளம் மட்டும். டெலிபோன் ஆபீஸ்ல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவ. எங்க காலனிக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவி. தமயந்தி அம்மான்னா வார்டு ஆபீஸ்ல எந்திரிச்சு நாற்காலி போடுவாங்க. இப்பவும் போடறாங்களான்னு கேக்காதீங்க. அந்தப் பேச்சே வேண்டாம்.

ரெண்டு பஸ் மாறி வர்றேன். முட்டி ரெண்டும் போச்சு. எல்லாம் மாநகராட்சிக்காரனுக பண்ணுன வேலை. உருப்படுவானுகளா அவனுக? வயிறெரிஞ்சு சொல்றேன், உருப்பட மாட்டானுக.

என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. இந்த பஸ்ஸு போற வேகத்துக்கு உங்களுக்கும் வேற வேலை இல்லை.

எங்க காலனிக்குப் பின்னாடி பழைய உரக்கிடங்கு இருக்குதுங்க. அந்தக் காலத்துல ஊர்க் குப்பையெல்லாம் கொட்டி, மக்க வெச்சு, எருவா வித்த எடம். மூடி ரொம்ப வருசம் ஆச்சு. நல்லா விஸ்தாரமா சும்மாத்தான் கிடக்குது. காலையில நாங்க அங்கதான் நடப்போம். புதுசா கார் வாங்குனவங்க அங்கதான் ஓட்டிப் பழகுவாங்க. வீட்டுல எதாச்சும் இடிச்சுக் கட்டுனா இடிச்ச செங்கல், கல்லுகளைக் கொண்டு போய் ஒரு ஓரமாக் கொட்டுவோம். எங்க எடமாட்டவே இருந்துச்சு. பத்திரந்தான் எங்க பேர்ல இல்லை.

ஒரு நாள் பேப்பர்ல அறிவிப்பு வருது, அந்த எடத்துல வீடு கட்டப் போறாங்கன்னு. கருத்துக் கேட்புக் கூட்டம் எங்க காலனிக் கல்யாண மண்டபத்துலயே. நகரமைப்புல இருந்து ஒரு பொண்ணு வந்திருந்தா. அருள்செல்வின்னு பேரு. கண்ணாடி போட்டுட்டு, பெரிய வரைபடம் ஒண்ணைச் சொவத்துல ஒட்டிட்டுப் பேசறா. இந்த ஊருக்கும் சுத்துப்பட்டு ஊருகளுக்கும் சேத்து வர்ற வருசங்கள்ல ஏகப்பட்ட வீடு வேணுமாம். அதை ஒவ்வொரு பகுதியும் பங்கு போட்டுக்கோணுமாம். எங்க பங்குக்கு இந்த உரக்கிடங்காம். பாதி வீடு வாய்க்கால் ஓரத்துல குடிசை போட்டிருக்கறவங்களுக்கு. மீதிப் பாதி, சின்னச் சம்பளக்காரங்களுக்குத் தவணையில.

பங்கு! சொத்துல பங்கு கேப்பாங்க, பாத்திருக்கேன். பாரத்துல பங்குன்னு ஒருத்தி வந்து நிக்கறதை அன்னைக்குத்தான் பாத்தேன். எந்திரிச்சுக் கேட்டேன், "ஏம்மா, நாங்க யார்கிட்டயாவது வீடு வேணும்னு கேட்டமா? கேக்காதவங்களுக்கு எதுக்குப் பங்கு?" மண்டபமே கை தட்டுச்சு. அந்தப் பொண்ணு கை தட்டி முடியற வரைக்கும் நின்னுட்டு, "வேணும்னு கேக்கறவங்க இந்தக் கூட்டத்துக்கு வரலீங்கம்மா, வேலைக்குப் போயிருக்காங்க"ங்கறா. என்ன வாய் பாருங்க.

அவங்க மேல எனக்கு ஒண்ணும் வெறுப்பு இல்லீங்க. வாய்க்கால் ஓரத்துல இருந்துதானே எங்க காலனிக்கு அத்தனை பேரும் வேலைக்கு வர்றாங்க. பாத்திரம் கழுவ, துணி தேய்க்க, வாசல் கூட்ட. வந்துட்டு சாயங்காலம் போறவங்களை யாரு வேண்டாங்கறா? பின்னாடியே வந்து குடியிருக்கறதுங்கறது வேற. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே?

நாங்க மட்டும் லேசா வந்தமாக்கும்? எங்க வீட்டுக்காரரு அந்த மனை வாங்கிக் கட்டுனப்ப, பக்கத்து ஊர்க்காரங்க எங்களை அவங்க கெணத்துல ஒரு வாளித் தண்ணி எடுக்க விடல. "எங்கிருந்தோ வந்து ஏறிக்கிட்டு"ன்னு மூஞ்சிக்கு நேரா பேசுனாங்க. கைப்புள்ளையை வெச்சுட்டு தண்ணிக்கு நான் பட்ட பாடு! மனுசங்களுக்கு இரக்கம்னு ஒண்ணு இல்லாமப் போனா இப்படித்தான். அதை இன்னும் நான் மறக்கல.

அந்தக் கைப்புள்ளதான் சுகன்யா. என் ஒரே மக. ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை. மாப்பிள்ளைக்குப் பம்புசெட்டுக் கம்பெனியில ஒப்பந்த வேலை, வருசத்துக்கு ஒருக்கா நீட்டிச்சாத்தான் உண்டு. ஊருக்கு அந்தக் கோடியில வாடகை வீடு. ஒரு பேத்தி இருக்கா எனக்கு, மித்ரா. வீட்டு ஓனர் தன் மகனுக்குக் கல்யாணம்னு காலி பண்ணச் சொல்லிட்டான். இவங்க வீடு தேடித் தேடி அலுத்துப் போயிட்டாங்க. இவங்க சம்பளத்துக்கு ஊருக்குள்ள எங்க கெடைக்குது?

என்கூட வந்து இருக்கலாமில்லன்னு நீங்க கேப்பீங்க. எல்லாரும் கேக்கறாங்க. மாப்பிள்ளை ஒத்துக்க மாட்டாரு. மாமியார் வீட்டுச் சமையக்கட்டுல சாப்பிட்டுட்டு அவரு இருக்க மாட்டாராம். வீட்டோட மாப்பிள்ளைன்னு அவங்க சாதிசனம் பேசுமாம். தனிச் சமையக்கட்டு, தனி வாசல், வெளியில தனிப் படி, இதெல்லாம் இருந்தா வர்றேன்னாரு. சரி, ரோசக்காரன், போகட்டும்.

கூட்டம் முடிஞ்ச வாரம் சுகன்யா வந்தா. வந்தவ உக்காரக்கூட இல்லை. "அம்மா, அந்த உரக்கிடங்குல தவணைக்கு வீடு தர்றாங்களாமே. எங்க சம்பளம் அதுக்குள்ள வருது. விண்ணப்பம் போடறேம்மா. உன் வீட்டுக்குப் பின்னாடியே. மித்ரா ஸ்கூல் விட்டா உன்கிட்ட வந்துருவா, மாடியில நின்னு கூப்பிட்டா உனக்குக் கேக்கும்"ங்கறா. மொகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். நான் சங்கத் தலைவி. ஊரே என் பின்னாடி நிக்குது. என் மக போய், வாய்க்கால்காரங்களோட வரிசையில நின்னு அந்த வீட்டுக்கு எழுதிக் குடுக்கறதா? "வாயை மூடு. அந்த வீடு வரவே வராது. மாடி எடுத்துத் தர்றேன், அங்க வந்து மகராணியா இரு"ன்னேன். நிசமாத்தான் சொன்னேன். என் ரிட்டயர்மெண்ட் பணம் அப்படியே இருந்துச்சு. மேஸ்திரி வந்து அளந்தே பாத்துட்டுப் போயிட்டான். எங்க படி வரோணும், மித்ராவுக்கு எந்தப் பக்கம் ஜன்னல் வெக்கோணும், எல்லாம் நான் மனசுக்குள்ள கட்டி முடிச்சுட்டேன்.

டிக்கெட்டா? எடுத்தாச்சுப்பா, எத்தனை தடவ கேப்பே!

அப்பறம் அந்த அருள்செல்வி நேர்ல ஆய்வுக்கு வர்றாளாம். எங்க பகுதியில இன்னும் இத்தனை குடும்பம் தாங்குமான்னு தண்ணி, சாக்கடை எல்லாம் பாக்கோணுமாம். சங்கச் செயலாளர் ஆறுச்சாமி, மின்வாரியத்துல இருந்தவரு, பயந்துட்டாரு. "என்ன பண்றதுங்க, நம்ம பக்கம் எல்லாம் நல்லாத்தானே இருக்குது"ங்கறாரு. இருக்குதுங்க. பொய் சொல்வானேன்? ஒவ்வொரு வீட்டுலயும் ஆழ்துளைக் கெணறு, அதுல தண்ணி. நல்லா இருக்கறதை நல்லா இருக்குதுன்னு காட்டுனா வீடு கட்டிருவாங்களே! அதுக்கு நான் ஒரு வழி சொன்னேன். ஆமாங்க, நாந்தான். ஆறுச்சாமி இப்ப அவரு யோசனைன்னு சொல்லிட்டுத் திரியறாரு, நம்பாதீங்க.

அன்னைக்கு ஒரு வீட்டுலயும் மோட்டார் போடக் கூடாதுன்னுட்டோம். மேல்தொட்டியெல்லாம் காலி பண்ணிட்டோம். மழைத்தண்ணி வடியற காவாய் வாயில ரெண்டு மூட்டை மண்ணைப் போட்டு அடைச்சு, எல்லாரும் தொட்டித் தண்ணியை ரோட்டுல விட்டோம். தெருவு முழுக்கக் கணுக்கால் தண்ணி. அந்தத் தண்ணியில நாங்க பொம்பளைங்கெல்லாம் காலிக்கொடம் வெச்சுட்டு வரிசையா நின்னோம். கீழ வெள்ளம், கொடத்துல சொட்டுத் தண்ணி இல்லை. எப்படி?

ஆனா கொடத்துக்கு என்ன பாடு பட்டோம்ங்கறீங்க! எங்க காலனியில யார்கிட்ட பிளாஸ்டிக் கொடம் இருக்குது? குழாயைத் திறந்தா தண்ணி. கடைசியில முக்குல இஸ்திரி வண்டி போட்டிருக்கற மாராத்தாகிட்டச் சொன்னேன். அவ வாய்க்கால் ஓரத்துல வீடு வீடாப் போய் வாங்கி, ஒரு தள்ளுவண்டி நெறைய கொண்டாந்து எறக்குனா. பச்சை, நீலம், செகப்புன்னு. எதுக்குங்கம்மான்னு கேட்டா. பூஜைன்னுட்டேன். ஒரு கொடத்துல பொத்தல் இருந்துச்சு. அதை என் தலையில கட்டிட்டாங்க, நல்லவேளை தண்ணி ஊத்தற வேலை இல்லை.

அருள்செல்வி செருப்பைக் கையில புடிச்சுட்டுத் தண்ணிக்குள்ள நடந்து வந்தா. நான் கொடத்தைக் கவுத்துக் காட்டுனேன். "பாரும்மா, இருக்கறவங்களுக்கே இந்த லட்சணம். இது மனுசன் குடியிருக்கற எடமா? இதுக்கு மேல ஒரு அடுப்பு எரிஞ்சாக்கூட இந்த எடம் தாங்காது"ன்னேன். அவ என்னையே பாத்தா. "அம்மா, உரக்கிடங்குக்குத் தனியா எழுத முடியாது. இந்தப் பகுதி முழுசுக்கும் சேத்துத்தான் பதிவாகும். யோசிச்சுச் சொல்லுங்க"ன்னா. மெரட்டறாளாம்! "எழுதும்மா, கொட்டை எழுத்துல எழுது"ன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். எனக்குப் பின்னாடி அத்தனை பேரும் போட்டாங்க.

ஜெயிச்சுட்டோம். உரக்கிடங்குத் திட்டம் ரத்து. எங்க பங்கைத் தூக்கி ஓடக்காட்டுப்பதியில போட்டுட்டாங்க. மண்டபத்துல ஜிலேபி குடுத்தோம். எனக்குப் பொன்னாடை. ஆறுச்சாமி பேசறப்ப, "நம்ம தலைவி ஒரு கொடத்தை வெச்சே மாநகராட்சியைக் கவுத்துட்டாங்க"ன்னாரு. சந்தோசமா இருந்துச்சுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அப்பறம் வாய்க்கால் ஓரத்தை எல்லாம் காலி பண்ணி, லாரியில ஏத்தி ஓடக்காட்டுப்பதியில கொண்டு போய் விட்டுட்டாங்க. போகட்டும், நல்ல காத்தோட்டமான எடம். கஷ்டம் எங்களுக்குத்தான். பாத்திரம் கழுவ ஆள் இல்லை. ரெண்டு பஸ் மாறி வரோணும், கட்டுப்படியாகாதுங்கறாங்க. இஸ்திரி வண்டி நின்ன எடத்துல இப்ப நாய் படுத்திருக்குது. ஒரு சேலை தேய்க்க நான் மெயின் ரோட்டுக்கு நடக்கறேன். நன்றி கெட்ட ஜனம். இத்தனை வருசம் எங்க உப்பைத் தின்னவங்க, நம்ம அம்மாவுக்கு ஆகாதேன்னு ஒருத்தி வந்தாளா?

சரி, மாடி வேலையை ஆரம்பிக்கலாம்னு வரைபடம் போட்டு அனுமதிக்குக் குடுத்தேன். திருப்பி அனுப்பிட்டாங்க. என்னடான்னு நேர்ல போனா, அந்த அருள்செல்விதான் உக்காந்திருக்கா. "லட்சுமி கார்டன் தாழ்வான பகுதிங்கம்மா. நெலத்தடியில தண்ணி இல்லை, வடிகால் இல்லை. புதுசா ஒரு குடித்தனத்துக்கும் அங்க அனுமதி குடுக்கறதில்லை. குழாய்த் திட்டம், வடிகால் எல்லாம் முடிஞ்ச பொறவு பாக்கலாம்"ங்கறா.

"யாரு சொன்னது தண்ணி இல்லைன்னு? என் வீட்டுக்கு வந்து மோட்டாரைப் போட்டுப் பாரு, பீச்சி அடிக்கும்!"ன்னு கத்துனேன்.

"நீங்கதாங்கம்மா சொன்னீங்க"ன்னா. சிரிக்கக்கூட இல்லை. சிரிச்சிருந்தா நாலு வார்த்தை நல்லாக் கேட்டிருப்பேன்.

இது பழிவாங்கற வேலை இல்லாம வேற என்னங்க? நாங்க சொன்னது உரக்கிடங்குக்கு. ஒரு படிச்ச பொண்ணுக்கு அது தெரியாதா? யாரு என்ன சொன்னாலும் அப்படியே எழுதிக்கறதா? ஆறுச்சாமிக்கு என்ன, அவரு முன்னாடியே ரெண்டு மாடி கட்டி வாடகைக்கு விட்டுட்டாரு. "பொதுக் காரியத்துல நட்டம் வர்றதுதானுங்க"ன்னு எனக்குப் புத்தி சொல்றாரு. அவரோட இப்ப நான் பேசறதில்லை.

சுகன்யாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். சண்டை போடுவான்னு நெனச்சேன். போடல. "சரிம்மா"ன்னுட்டு வெச்சுட்டா. வீட்டு ஓனர் சாமானைத் தூக்கி வெளிய வெக்கற நெலைமைக்கு வந்துட்டான். இவ யார்கிட்டயும் கேக்காம, ஓடக்காட்டுப்பதியில தவணை வீடு வாங்கிட்டுப் போயிட்டா. எங்க காலனிக்கு வந்திருக்க வேண்டிய அதே வீடுதான். அதே அளவு, அதே ஜன்னல். இந்தக் காட்டுல. காலையில இருட்டோட கெளம்பி வேலைக்கு வர்றா. மாப்பிள்ளைக்கு வேலையே போச்சு, நேரத்துக்கு வர முடியலைன்னு இந்த வருசம் நீட்டிக்கல, அவரும் வேலை தேடி நாள் முழுக்க அலையறாரு. மித்ராவைப் பாத்துக்க ஆள் இல்லை. ஸ்கூல் விட்டு வந்தா எதுத்த வீட்டுலதான் இருக்கா. எதுத்த வீடுன்னா யாரு? வாய்க்கால் ஓரத்துல இருந்து போன ஒரு பொம்பளதான். என் பேத்தி அவ கையில சோறு திங்கறா, அவளை ஆயாங்கறா. எனக்கு வயிறு எரியாதா சொல்லுங்க? சொந்தப் பாட்டி, நாந்தானே ஆயா!

பாக்கோணும்னு துடிக்குது. போன வாரம் போன் பண்ணுனேன். "ஞாயித்துக்கிழம வர்றேன், அங்க தண்ணி வர்றதில்லையாமே, உங்க ஆளுங்களைக் கூட்டி உக்கார வை, நான் பேசறேன். எப்படிப் போராடறதுன்னு சொல்லித் தர்றேன்"ன்னேன். உதவிதானே? என் அனுபவம் வீணாப் போகோணுமா?

அதுக்கு மெதுவாச் சொல்றா, "அம்மா, இங்க எல்லாருக்கும் உன்னைத் தெரியும். பேர் தெரியாது. கொடத்தை வாங்கி நம்மளை ஏமாத்துன லட்சுமி கார்டன் அம்மான்னு சொல்லுவாங்க. தண்ணி லாரிக்கு நிக்கறப்ப தினமும் உன் பேச்சுத்தான். நானும் அங்கதான் நிக்கறேன், கேட்டுட்டு. நீ என் அம்மான்னு நான் யார்கிட்டயும் சொல்லல. என் புள்ளையை அவங்க கையில விட்டுட்டு வேலைக்குப் போறேன்மா. அவங்க என்கிட்ட நல்லா இருக்காங்க. அதைக் கெடுத்துறாத. உனக்கு மித்ராவைப் பாக்கோணும்னா வா. வந்தா கீழ யாராச்சும் யார் வீட்டுக்குன்னு கேப்பாங்க. தெரிஞ்சவங்க வீட்டுக்குன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத"ங்கறா.

பெத்தவகிட்டப் பேசற பேச்சா இது? தெரிஞ்சவங்களாம்! தண்ணிக்கு ஊர்க்காரன் கால்ல விழாத கொறையா நின்னு வளத்த புள்ள. இத்தனை பிடிவாதம் எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியல. எங்க பரம்பரையில கெடையாது. அவங்க அப்பா வழிதான். இன்னைக்கு நான் போய், கீழ நின்னே சத்தமாச் சொல்லப் போறேன், சுகன்யா என் மகதான்னு. எனக்கு யாருகிட்ட பயம்? நான் என்ன திருடுனனா, கொள்ளையடிச்சனா? எல்லாரும் கேக்கற மாதிரிச் சொல்லப் போறேன். நீங்களே பாருங்க.

ஸ்டாப் வந்துருச்சாட்ட இருக்குது. சித்த வழி விடுங்க. அந்தத் தூக்குப் போசியை எடுத்துக் குடுங்க, பணியாரம், எண்ணெய் ஒழுகிரும். மித்ராவுக்கு.

யாரு? ஏன்? என்னையா கூப்பிட்டே?

ஆமா... லட்சுமி கார்டன்தான். கொடம் வாங்குனது நாந்தான், ஆமா. நீ அங்கதான் குடியிருக்கியா? முன்னாடி சீட்டுலயேவா உக்காந்திருந்தே? நான் பாக்கல. இல்லை, வேண்டாம், போசியை நானே எடுத்துக்கறேன். பாரமில்லை. சரி, புடிச்சுக்க. படி உசரமாத்தான் இருக்குது. என் கையை விட்டுறாத.

யார் வீட்டுக்கா?

தெரிஞ்சவங்க வீட்டுக்குத்தான்மா. சும்மா, தெரிஞ்சவங்க.